சிறுவர் கையால் செய்யும் அன்புப் பரிசுகளும் பலகாரங்களும்



பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் நெருங்கும்போது ஈப்போ நகரத்துக் கடைகளில் செந்நிற இதய வடிவங்கள் தொங்கத் தொடங்குகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகள், 'நாமும் ஏதாவது செய்யலாமா?' என்று வகுப்பில் கேட்கின்றனர். பெற்றோரில் சிலரோ, 'காதலர் தினம்' என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிக்கின்றனர். இரண்டும் இயல்பே. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் காதலைப் பற்றிய பாடம் தேவையில்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், தம்மை வளர்ப்பவர்க்குத் தம் கையால் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எண்ணுமாயின், அவ்வெண்ணத்தை நாட்காட்டியின் பெயர் பார்த்துத் தள்ளிவிடுதல் முறையன்று. ஆகவே அந்நாளின் வரலாற்றைச் சிறிது கூறி, பிறகு நம் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்யத்தக்க சிலவற்றை விளக்க முற்படுகிறேன்.

வாலண்டைன் என்பவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரி ஆட்சியின்போது சமயத்திற்காக உயிர் நீத்த கிறிஸ்துவப் பெரியார் எனப்படுகிறார். அவரது நினைவு நாளே பிப்ரவரி 14. அதனை அன்போடு முதலில் இணைத்தவர் பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பறவைகள் துணை தேடும் நாள் அது என்று அவர் பாடினார். பின்னர் பிரிட்டனில் 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னி கட்டணத்தில் கடிதம் அனுப்பும் முறை வந்ததும், வாழ்த்து மடல்கள் பெருகின. அமெரிக்காவில் எஸ்தர் ஹௌலாண்ட் என்னும் இளம்பெண், 1840களின் பிற்பகுதியில், தம் தந்தையார் நடத்திய எழுதுபொருள் கடையின் துணையோடு பூவேலைத் தாள்களை வெட்டி ஒட்டி மடல்கள் செய்யத் தொடங்கினார். தோழியரும் உடன் அமர்ந்து செய்தனர். இன்று பெரிய வாணிகமாகிவிட்ட இப்பழக்கம், ஒரு வீட்டு மேசையில் கத்தரிக்கோலும் பசையுமாக வளர்ந்தது என்பதை மாணவர்கள் மனங்கொள்க. பின்லாந்து நாட்டில் இந்நாளுக்கு 'நண்பர் நாள்' என்றே பெயர்.

நம் நாட்டில் முஸ்லிம் மக்கள் இந்நாளைக் கொண்டாடலாகாது என்று தேசிய பத்வாக் குழு 2005ஆம் ஆண்டில் முடிவு செய்தது. பல இனத்தாரும் கூடி வாழும் இடத்தில் அதை மதிப்பது நம் கடமை. எனவே நான் கூறப்போவனவற்றைப் பள்ளி விழாவாக எடுக்க வேண்டுவதில்லை. அன்னையர் நாளுக்குச் செய்யலாம். பாட்டியின் பிறந்த நாளுக்குச் செய்யலாம். எந்நாளும் இல்லாத ஒரு சனிக்கிழமையிலும் செய்யலாம்.

நம்மவர் வழக்கங்கள்

கையால் செய்ததை அன்பின் அடையாளமாக வைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பொங்கலுக்கு மறுநாள் காலையில் சில குடும்பங்களில் பெண்கள் கணுப்பிடி வைப்பர். மஞ்சள் இலையை விரித்து, மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, வெள்ளைச் சோறு எனச் சிறு சிறு பிடியாகப் பிடித்து வைத்துக் காக்கை குருவிகளை அழைப்பர். உடன்பிறந்தார் ஒற்றுமையாகவும் நலமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுதல். அச்சோற்றை உருட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுச் சிறுமியர்க்கே வந்து சேரும்.

வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இதய வடிவம் வேண்டும் என்று நாம் அட்டையில் வரையும் உருவம் அவ்விலையிலேயே இருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது வெற்றிலைபாக்கு இன்றி எதுவும் நடவாது. மலாய்க்காரர் திருமணப் பேச்சிலும் வெற்றிலைப் பேழைக்கு முதலிடம் உண்டு. இலங்கையில் புத்தாண்டின்போது பெரியோர்க்கும் ஆசிரியர்க்கும் வெற்றிலைக் கட்டு கொடுத்து வணங்குவர். சீனர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவில் மணமாகாத பெண்கள் நல்ல துணை வேண்டி ஆரஞ்சுப் பழங்களை நீரில் எறிவர். பினாங்குக் கடற்கரையில் இது பெரிய காட்சி. 2014ஆம் ஆண்டில் அவ்விரவும் பிப்ரவரி 14ஆம் நாளும் ஒன்றாகவே அமைந்தன.

மஞ்சாடி மணி

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் மஞ்சாடி. மலாய் மொழியில் 'சாகா' என்று வழங்கும் மரத்தின் விதை இது. சாலையோரங்களிலும் பழைய பள்ளித் திடல்களிலும் இம்மரத்தைக் காணலாம். காய் முற்றியதும் சுருண்டு வெடித்து, பளபளக்கும் செந்நிற விதைகளைத் தரையில் சிந்தும். விதையை உற்று நோக்கினால் சற்றே இதய வடிவில் இருப்பது தெரியும். அதனாலேயே இதனைச் சேர்த்து வைத்து அன்புக்குரியவர்க்குக் கொடுக்கும் பழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாணவரிடையே உள்ளது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த நம் நாட்டின் முதல் தேசியக் காருக்கு இவ்விதையின் பெயரே சூட்டப்பட்டது. கேரளத்துக் குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைய மஞ்சாடி வைத்திருப்பர். குழந்தைகள் இரு கையாலும் அள்ளி அள்ளி விடுவர்.

இவ்விதைகள் எடையில் பெரிதும் ஒத்திருக்கும். ஏறக்குறைய நான்கு விதைகள் சேர்ந்தால் ஒரு கிராம். அதனால் பொற்கொல்லர் இதனை எடைக்கல்லாகப் பயன்படுத்தினர். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளித்த அணிகலன்களின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றே பொறிக்கப்பட்டுள்ளது. மலாய்ப் பொற்கொல்லரும் பன்னிரண்டு சாகாவை ஒரு மாயம் என்றும், பதினாறு மாயத்தை ஒரு புங்கால் என்றும் கணக்கிட்டனர். நான்காம் ஆண்டு மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம்: ஒரு கழஞ்சில் எத்தனை மஞ்சாடி, அவை எத்தனை கிராம்? ஐந்து கிராம் அளவில் விடை வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அரண்மனைப் பொன்னை நிறுத்த விதை, இன்று நம் திடலில் கால்பட்டுக் கிடக்கிறது.

செய்யும் முறை எளிது. விதைகளைக் கழுவித் துணியில் துடைத்து நிழலில் உலர்த்துக. தடித்த அட்டையில் வெற்றிலையை வைத்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்க. ஓரக்கோட்டின்மேல் பசை தடவி விதைகளை ஒவ்வொன்றாக அடுக்கிய பிறகே உட்புறத்தை நிரப்புதல் வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் வடிவம் கலைந்துவிடும். உள்ளங்கை அளவு இலையை நிரப்ப நூறுக்கு மேற்பட்ட விதைகள் தேவைப்படலாம். அவசரப்படும் பிள்ளையும் அன்று சற்றுப் பொறுமை கொள்ளும்.

இவ்விடத்தில் பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. குன்றிமணி கொடியில் காய்ப்பது, சிறியது, சிவப்பின் ஒரு முனையில் கறுப்புக் கண் இருக்கும். மஞ்சாடியோ மரத்தில் காய்ப்பது, சற்றுப் பெரியது, முழுதும் சிவப்பு. குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கிய விதை சில வேளை தீங்கின்றி வெளியேறக்கூடும்; கடித்தோ துளையிட்டோ உடைந்த விதை உயிரையே பறிக்க வல்லது. ஆகவே மாலை கோக்க அதனை ஊசியால் துளைப்பது கூடவே கூடாது. கறுப்புக் கண் உள்ள விதை எதுவும் பரிசு வேலைக்கு வேண்டாம் என்று வீட்டில் விதி செய்துகொள்ளுங்கள். மஞ்சாடியும் தின்பதற்குரியதன்று. கைக்குழந்தை உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் தரையில் சிதறிய விதைகளை எண்ணிப் பொறுக்குக. மூக்கிலும் காதிலும் விதையைப் போட்டுக்கொள்ளும் வயது அது. பிள்ளை எந்த விதையையேனும் மென்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், விதையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க. வாந்தி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

ரப்பர் விதையைப் பற்றியும் ஒரு சொல். வெயில் நாளில் காய் 'படீர்' என்று வெடித்து விதை தெறிக்கும் ஓசையைத் தோட்டத்தில் வளர்ந்தவர் மறந்திருக்க மாட்டார். விதையைச் சிமிந்தித் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைக்கும் குறும்பையும், இரண்டு விதைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குத்தி எது உடைகிறது என்று பார்க்கும் போட்டியையும் இன்றைய பிள்ளைகளுக்குத் தாத்தாக்களே கற்பிக்க வேண்டும். அதன் புள்ளிக் கோலம் அழகானது. வார்னிசு பூசினால் அட்டைச் சட்டத்தின் ஓரத்திற்கு ஒட்டப் பொருந்தும். ஆனால் பச்சைப் பருப்பு சயனைடு நஞ்சை வெளியிடக் கூடியது. அதையும் வாயில் வைத்தல் ஆகாது. 1876ஆம் ஆண்டில் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற எழுபதாயிரம் விதைகளில் முளைத்த கன்றுகள் சில, மறு ஆண்டே நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோரைக் கப்பலேற்றி அழைத்துவந்த மரத்தின் வித்து அது என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

இலை நரம்பு மடல்

எனக்கு மிகவும் பிடித்த கைவேலை இதுதான். முற்றிய அரச இலையின் சதைப்பற்றை நீக்கினால், மெல்லிய வலை போன்ற நரம்பு மட்டும் எஞ்சி நிற்கும். அதன்மேல் வண்ணம் தீட்டும் கலை இந்தியாவிலும் சீனாவிலும் உண்டு. ரப்பர் இலையையும் இவ்வாறு செய்யலாம். தாய்லாந்தில் ரப்பர் இலை நரம்பைக் கொண்டு பூக்களும் மடல்களும் செய்து விற்கின்றனர். நம் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்க்கும். அப்பருவத்தில் பால் குறையும். பால் குறைந்தால் வீட்டு வருமானமும் குறையும். காசு கொடுத்து வாங்கும் பரிசைப் பற்றிப் பேசத் தகாத மாதம் அது. இலையோ அப்போது வேண்டுமட்டும் கிடைக்கும்.

புழு அரிக்காத, கிழியாத, நன்கு முற்றிய பச்சை இலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பழைய வாளியில் நீர் நிரப்பி அமிழ்த்துக. மேலே ஒரு கல் வைத்தால் இலை மிதவாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையின் பச்சைச் சதை அழுகிக் குழையும். அதன்பின் இலையைத் தட்டில் பரப்பி, ஓடும் நீரில், பழைய பல்துலக்கியால் காம்பிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தட்டித் தட்டி நீக்குக. தேய்த்தால் நரம்பு அறுந்துவிடும். பிறகு செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி இரண்டு நாள் உலர விடுக. மணம் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டியதாகவே இருக்கும். வீட்டுக்குள் வைக்காமல் பின்கட்டில் வைப்பது நலம்.

காரச் சோடாவில் வேகவைத்தால் ஒரு மணியில் முடிந்துவிடும் என்று சொல்வோர் உளர். கண்ணையும் தோலையும் அரிக்கும் அப்பொருளைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் அனுமதியேன். நான்கு வாரம் காத்திருப்பதும் இப்பாடத்தின் பகுதியே. ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாளே போதும். ஆதலால் வாளியை இறுக மூடி வைத்து, ஐந்து நாளுக்கொரு முறை நீரைக் கொட்டிவிட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புது நீர் ஊற்றுதல் வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு வளர இடங்கொடுத்தால் தண்டம் உண்டு. அன்புப் பரிசு செய்யப்போய் அண்டை வீட்டாருக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொடுத்துவிடக் கூடாது.

உலர்ந்த நரம்பிலையை வண்ணத் தாளின்மேல் ஒட்டினால் மடல் ஆயிற்று. கறுப்புத் தாளில் அரச இலை எடுப்பாகத் தோன்றும்.

பின்னிய இதயம்

பாய் முடையவும் கெத்துப்பாட் பின்னவும் தெரிந்த கைகளுக்கு இது கடினமன்று. டென்மார்க் நாட்டில் இருவண்ணத் தாளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இதய வடிவப் பையாகச் செய்வர். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற ஆண்டர்சன் 1860ஆம் ஆண்டில் செய்த பின்னல் ஒன்று அந்நாட்டில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

சிவப்பு, வெள்ளை என இரண்டு தாள்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக மடிக்க. மடித்த துண்டு ஒவ்வொன்றும் 9 செண்டிமீட்டர் அகலமும் 13½ செண்டிமீட்டர் நீளமும் இருக்கட்டும். மடிப்புக்கு எதிர்ப்புற முனையை அரைவட்டமாக வெட்டுக. மடிப்புப் பக்கத்திலிருந்து 9½ செண்டிமீட்டர் நீளத்திற்கு இரண்டு வெட்டுகள் இட்டால் சமமான மூன்று பட்டைகள் கிடைக்கும். இப்போது இரு துண்டுகளையும் செங்கோணத்தில் பிடித்து, சிவப்பின் முதற் பட்டையை வெள்ளையின் முதற் பட்டைக்குள் நுழைக்க. அடுத்ததை இதற்குள் நுழைக்க. மூன்றாவதற்குள் மீண்டும் இதை நுழைக்க. இரண்டாம் பட்டைக்கு வரிசையை மாற்றுக. மூன்றாவது முதலாவதைப் போன்றது. சாதாரணப் பாய்ப் பின்னலில் மேலும் கீழும் போகிறோம். இதில் உள்ளும் புறமும் போகிறோம். அதனாலேயே முடிந்ததும் பை போல வாய் திறக்கும். இரண்டு மிட்டாய் வைக்க இடம் இருக்கும். முதன்முறை தாள் கிழிவது வழக்கமே. பழைய நாட்காட்டித் தாளில் பழகிய பிறகு நல்ல தாளை எடுங்கள்.

தேங்காய் மிட்டாயும் பிடிகொழுக்கட்டையும்

தீபாவளிக்கு நம் வீடுகளில் செய்யும் தேங்காய் மிட்டாயே இதற்கும் ஏற்றது. கறுப்புத் தோல் படாமல் துருவிய தேங்காய் இரண்டு கிண்ணம், சீனி ஒன்றரைக் கிண்ணம், பால் அரைக் கிண்ணம், நெய் ஒரு மேசைக்கரண்டி, ஏலப்பொடி ஒரு சிட்டிகை. இளஞ்சிவப்பு நிறத்திற்கு ரோசா சிராப் இரண்டு தேக்கரண்டி போதும், சாயப்பொடி வேண்டாம். அடிகனமான சட்டியில் பாலும் சீனியும் கரைந்ததும் தேங்காயைக் கொட்டி, மிதமான தீயில் விடாமல் கிளறுக. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கலவை திரண்டு சட்டியின் ஓரத்தை விட்டு வரும். அப்போது சிராப்பும் நெய்யும் ஏலமும் சேர்த்து ஒரு கிளறு கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்துக. வெதுவெதுப்பாக இருக்கும்போதே துண்டு போடுதல் வேண்டும், ஆறிவிட்டால் உடையும். இதய வடிவ அச்சு இல்லாதவர் சாய்சதுரமாக வெட்டினால் போதும். சுவை ஒன்றே.

பிள்ளைக்கு எந்த வேலை, பெரியவர்க்கு எந்த வேலை என்பதை அடுப்பு மூட்டுமுன்பே பிரித்துக்கொள்ளுங்கள். அளத்தல், ஏலக்காய் உரித்தல், தட்டுக்கு நெய் தடவுதல், வெட்டிய துண்டுகளைத் தாளில் சுற்றுதல் பிள்ளைக்குரியவை. கிளறுதலும் கொட்டுதலும் பெரியவர்க்கே. காய்ச்சிய சீனிப்பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தவறிப் பட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். பெரிய புண்ணாயின் மருத்துவரிடம் செல்க.

அடுப்பருகே பிள்ளையை விட அஞ்சுவோர்க்குப் பிடிகொழுக்கட்டை நல்லது. வறுத்த அரிசிமாவு இரண்டு கிண்ணம். வறுத்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி. தேங்காய்த் துருவல் அரைக் கிண்ணம். உப்பு ஒரு சிட்டிகை. வெல்லமோ குலா மெலாக்காவோ ஒரு கிண்ணம் எடுத்து, ஒன்றரைக் கிண்ணம் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, மாவில் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கிளறுக. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளையை அழையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஐந்து விரலின் தடமும் அதில் பதியும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தாலும் தடம் அழியாது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் எது யார் பிடித்தது என்று சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் ஒரு நாள் இதைச் செய்யும் வீட்டில், பிடியின் அளவு பெரிதாகி வருவதைத் தாயின் கண் தவறவிடாது.

மடலில் என்ன எழுதுவது?

கைவேலை எவ்வளவு நன்றாக அமைந்தாலும், மடலின் உட்புறம் வெறுமையாக இருந்தால் பயனில்லை. 'அன்புள்ள அம்மாவுக்கு வாழ்த்துகள்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நாற்பது பிள்ளைகளையும் பார்த்து எழுதச் செய்வது எளிது. அவ்வாறு செய்த மடல் நாற்பதும் ஒன்றே. நம் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது வேறு. 'இந்த வாரம் உன் வீட்டில் உனக்காக ஒருவர் செய்த ஒரு வேலையைக் கவனித்து வந்து எழுது' என்று கூறுங்கள். ஒரு மாணவி, தன் தந்தையார் விடியற்காலை வேலைக்குப் புறப்படும்போது, பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று மோட்டார் சைக்கிளைச் சாலைவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே முடுக்குகிறார் என்று எழுதியிருந்தாள். அவள் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை. உறங்குவதுபோல் கிடந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் தந்தையார் அம்மடலைப் பணப்பையில் வைத்திருப்பதாகப் பின்னர் அறிந்தேன்.

யாருக்கு எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். தாய் இல்லாத பிள்ளை, தந்தை வேறூரில் இருக்கும் பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கின்றனர். 'எல்லாரும் அம்மாவுக்கு எழுதுங்கள்' என்றவுடன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் வழியே பார்க்கும் சிறுவனை நான் பார்த்திருக்கிறேன். 'உனக்குச் சோறு போடுபவர் யார்? அவருக்கு எழுது' என்று அருகில் சென்று சொன்ன பிறகு ஒரு பக்கம் நிறைய எழுதினான். அவன் பாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. அதனால் அவனே படித்துக் காட்டினான். மடல் பெறுபவர் படிக்கத் தெரியாதவர் எனில், பிள்ளை உரக்கப் படிப்பதே பரிசு. வாசிப்புப் பயிற்சியும் அதிலேயே அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் ஒரு பிள்ளையைப் பத்து வீட்டார் பார்த்துக்கொண்டனர். பெற்றோர் பால்வெட்டப் போய்விட்டால் ஆயாக்கொட்டகை இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. வரிசை வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் குடிபோன குடும்பங்களில், தாய் ஒரு வேலை நேரமும் தந்தை மற்றொரு வேலை நேரமுமாகத் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். பிள்ளையும் பெற்றோரும் ஒரே மேசையில் சேர்ந்து உட்காரும் நேரம் அருகிவிட்டது. தாளும் பசையும் கொழுக்கட்டை மாவும் அந்த ஒரு மணி நேரத்தைப் பெற்றுத் தரும் என்றால், கைவேலை கோணலாக வந்தாலும் கவலை இல்லை. பிள்ளை செய்ததைப் பெரியவர் வாங்கித் திருத்தாதீர்கள். கோணலாகவே கொடுக்கட்டும். வகுப்பில் மதிப்பெண் இடவும் வேண்டாம்; காட்சிக் கலைக்கல்விப் பாடத்தில் மதிப்பெண் பெற வேறு பயிற்சிகள் இருக்கின்றன.

மஞ்சாடி மரமோ அரச மரமோ அருகில் இல்லாத பிள்ளைகள் வெற்றிலையையே தாளுக்கு அடியில் வைத்து, நரம்புப் பக்கம் மேலாக இருக்க, வண்ணக்கோலைச் சாய்த்துத் தேய்த்தால் இலையின் உருவம் தாளில் பதியும். இதற்கு ஐந்து நிமிடமே ஆகும். இலை நரம்பு மடல் செய்ய விரும்புவோர் மட்டும் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்த இரண்டாம் நாள் இலையை நீரில் இட்டால், பிப்ரவரி 10ஆம் நாளுக்குள் சதை நீங்கும். உலர்த்த இரண்டு நாள், ஒட்ட ஒரு நாள். தேங்காய் மிட்டாயை முந்தின நாள் மாலையில் கிளறுங்கள். பிடிகொழுக்கட்டையை அன்று காலையிலேயே அவிக்க வேண்டும்; தேங்காய் சேர்ந்திருப்பதால் மாலைக்குள் ஊசிப்போகும்.